வண்டி யார் ஓட்டறது

தேன்கனிக்கோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே
காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கினால்
முதலில் உள்ளே வருவது காய்ச்சல் அல்ல,
அஞ்செட்டிச் சாலை.
அதன் வளைவுகள் சிலருக்கு
ஏறும் முன்பே வாயில் எச்சிலாக ஊறிவிடும்.
டீசல், ஈரச் சாக்கு, கொத்தமல்லிக் கட்டு,
முன்சீட்டில் யாரோ உரிக்கிற பலாச்சுளை.
"வாந்தி மாத்திரை ரெண்டு" என்பார்கள்,
பஸ்ஸைப் பார்த்தபடியே.

அட்டையைக் கத்தரிக்கும்போது
பேரும் தேதியும் உள்ள முனையை
வாங்குகிறவர் பக்கம் விட்டு வெட்ட
எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.
கேள்விகள் வாயில் படிய இன்னும் கொஞ்ச நாள்.
கண்ணில் அழுத்தம்? ஒண்ணுக்குப் போவதில் சிரமம்?
நாள் தள்ளியிருக்கா, இதை மட்டும் குரலைத் தாழ்த்தி.
சளி டானிக், தூக்க மாத்திரை,
நேற்று ராத்திரி உள்ளே போன குவார்ட்டர்.
கடைசியில் மீதிச் சில்லறையோடு சேர்த்து:
வண்டி யார் ஓட்டறது?

திம்மராயன் குட்டியானையை
கடைக்கு நேராக நிறுத்திவிட்டு வந்தான்.
கூட முனிரத்தினா,
அவள் இடுப்பில் ஒன்றரை வயசு.
நாட்றாம்பாளையத்தில் காதுகுத்து.
முதல் வளைவிலேயே இவளுக்குக் குடல் மேலே வந்துவிடுமாம்.
இவளுக்கு ஒன்று கொடுத்தேன்:
இப்பவே ஒரு வாய் தண்ணியோட போட்டுட்டு
அரைமணி கழிச்சுக் கிளம்புங்க. வாய் உலரும், பயப்படாதீங்க.
"பாப்பாவுக்குப் பாதி உடைச்சு?"
பாதியும் இல்லை, காலும் இல்லை.
"சரி, எனக்கு ஒண்ணு. ராத்திரி தின்ன போண்டா
வயித்துலயே உக்காந்திருக்குது."

வண்டி யார் ஓட்டறது?
"ஏன், நான்தான்."

இல்லை என்றேன்.
தண்ணி குடிங்க, ஒரு மணி நேரம் உக்காருங்க,
அடங்கலைன்னா அந்தாண்ட ஆஸ்பத்திரி.
குமட்டலை அடக்குற கை
கண்ணையும் சேத்து மூடும் என்றேன்.
"இது மருந்துக் கடையா, செக்போஸ்ட்டா?"
கேட்டுவிட்டு
ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனான்.
அங்கே கேள்வி இல்லை, சில்லறை மட்டும்.

நான் என்ன செய்ய முடியும்?
இன்சுலின் பெட்டி வந்தது, கையெழுத்துப் போட்டேன்.
யாரோ பெருங்காயம் கேட்டார்கள், மருந்துக் கடையில்.
அஞ்செட்டி இறக்கத்தில்
யானை கடக்கும் இடம் என்று ஒரு பலகை உண்டு.
ஒரு குட்டியானை, டிரைவர் கண்ணை மூடியபடி,
அந்தப் பலகையைக் கடப்பது
பில் போடும்போதெல்லாம் எனக்குத் தெரிந்தது.

பத்து மணிக்கு நிமிர்ந்தால்
வண்டி அதே இடத்தில்.
டிரைவர் சீட்டில் அவன்,
வாய் திறந்து, வெயில் முழுக்க முகத்தில்.
படியில் முனிரத்தினா,
முந்தானை முடிச்சில் சாவி.
"கண்ணு சொருகுச்சு. எடுத்துட்டேன்.
எப்பக்கா தெளியும்?"

மணி சொல்ல எனக்குத் தெரியவில்லை.
ஆளுக்கு ஆள் மாறும்.
இன்னைக்குப் பூராவும் ஸ்டீயரிங் வேணாம் என்றேன்.
தலையாட்டினாள்.
அவனைத் தோளில் சாய்த்து
பத்தே முக்கால் பஸ்ஸில் ஏற்றினாள்,
சீர்த்தட்டு, சீப்பு வாழைப்பழம், பிள்ளை எல்லாவற்றோடும்.

அப்போதுதான் உறைத்தது:
அவள் முகத்தில் தூக்கமே இல்லை.
ஜன்னலருகே போய்க் கேட்டேன், மாத்திரை போட்டீங்களா?
கைப்பையைத் திறந்து காட்டினாள்.
நான் வெட்டிக்கொடுத்த துண்டு,
பேரும் தேதியும் அப்படியே, பிரிக்காமல்.
"ரெண்டு பேரும் தூங்கிட்டா
இவளை யாருக்கா புடிக்கிறது?"

ஒரு எலுமிச்சம்பழம், ரெண்டு கேரி பேக்.
அதற்குக் காசு வேண்டாம் என்றேன், கேட்கவில்லை, கொடுத்தாள்.
தூரத்தைப் பாருங்க, பக்கத்து மரத்தைப் பாக்காதீங்க
என்று கத்தினேன், பஸ் நகர்ந்துவிட்டது.

சாயங்காலம் வரை
குட்டியானை கடையை மறைத்து நின்றது.
அதன் கண்ணாடியில் யாரோ விரலால்
ஒரு மாம்பழம் வரைந்திருந்தார்கள்.
இப்போதெல்லாம் வண்டிக்கு அடுத்து
பிள்ளையையும் கேட்கிறேன்.
சிலர் முறைக்கிறார்கள்.